வெல்டிங் சிலிண்டர்: வாடகையா, சொந்தமா?

வெல்டிங் பட்டறைக்கு வேண்டிய வாயுவை விலை கொடுத்து வாங்கியே ஆக வேண்டும். அந்த வாயுவைச் சுமந்து வரும் எஃகுச் சிலிண்டர் யாருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பதற்கு மட்டும் எல்லோருக்கும் பொருந்தும் விடை இதுவரை கிடைக்கவில்லை. ஆக்சிஜன் சிலிண்டரில் அடைக்கப்பட்டு விற்பனைக்கு வந்த 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்தே இந்தக் கேள்வி இருக்கிறது. வாயு நிறுவனங்கள், சிறு பட்டறைகள், சட்டம் இயற்றுவோர், வரி அதிகாரிகள் என ஒவ்வொரு தரப்பும் வெவ்வேறு விடை சொல்லியிருக்கின்றன.

கேள்வியின் சிக்கல் இரண்டு பொருள்களின் ஆயுள் வேறுபாட்டில் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் வாயு சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். வெளியே இருக்கும் சிலிண்டர் முறையாகச் சோதிக்கப்பட்டு வந்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும். வாயுவுக்கான பணம் கன அளவையோ எடையையோ பொறுத்தது. சிலிண்டருக்கான வாடகை நாள்களைப் பொறுத்தது. இவ்விரண்டு அளவுகோல்களும் ஒரு பட்டறையின் வேலை ஓட்டத்தோடு எப்படிப் பொருந்துகின்றன என்பதிலேயே விடையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. இந்தக் கட்டுரை இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டுச் சிறு, நடுத்தரப் பட்டறைகளின் நிலையை மையமாகக் கொண்டு முக்கிய நிலைப்பாடுகளை வரிசைப்படுத்துகிறது.

கேள்வி உருவான வரலாறு

1886-இல் லண்டனில் பிரின்ஸ் ஆக்சிஜன் கம்பெனி தொடங்கப்பட்டது. பேரியம் ஆக்சைடைச் சூடாக்கிக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிப்பது அதன் முறை. அதே பத்தாண்டில் ஜெர்மனியின் மான்னெஸ்மான் சகோதரர்கள் தையல் இல்லாத எஃகுக் குழாய் செய்யும் வழியைக் கண்டனர். உயர் அழுத்தம் தாங்கும் சிலிண்டர் அதன் பிறகே நம்பகமான வணிகப் பொருளாயிற்று. 1895-இல் கார்ல் ஃபொன் லிண்டே காற்றைத் திரவமாக்கும் இயந்திரத்தை உருவாக்கினார். ஆக்சிஜனின் உற்பத்திச் செலவு இதனால் பெரிதும் இறங்கியது. வாயு மலிவாக ஆக, அதைச் சுமக்கும் சிலிண்டரே வணிகத்தில் கனமான முதலீடாக மாறியது.

அசிட்டிலீனின் வழி வேறு. 1892-இல் அமெரிக்காவில் தாமஸ் வில்சன் மின் உலையில் கால்சியம் கார்பைடு உருவாகக் கண்டார். கார்பைடில் நீர் பட்டால் அசிட்டிலீன் வெளிப்படும். ஆனால் இந்த வாயுவை வெறும் சிலிண்டரில் அழுத்தி அடைத்தால் அது தானாகவே சிதைந்து வெடிக்கும். 1890களின் பிற்பகுதியில் பிரான்சின் ஜார்ஜ் குளோடும் அவருடைய கூட்டாளி ஹெஸ்ஸும் அசிட்டோனில் அசிட்டிலீனைக் கரைத்து வைக்கும் வழியைக் கண்டனர். நுண்துளைப் பொருள் நிறைந்த சிலிண்டரில் அசிட்டோனை ஊறவைத்து, அதில் வாயுவைக் கரைக்கும் முறை இதிலிருந்து வளர்ந்தது. பட்டறைகளில் இன்று ‘டி.ஏ.’ (கரைத்த அசிட்டிலீன்) என்று வழங்கும் சிலிண்டர் அதன் நேரடி வாரிசு. அடுத்த சில ஆண்டுகளில் ஆக்சி-அசிட்டிலீன் டார்ச்சும் நடைமுறைக்கு வந்தது.

1906-இல் பிரின்ஸ் கம்பெனி பிரிட்டிஷ் ஆக்சிஜன் கம்பெனி எனப் பெயர் மாறியது. இந்தியாவில் 1935-இல் இந்தியன் ஆக்சிஜன் அண்ட் அசிட்டிலீன் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. இன்றைய லிண்டே இந்தியாவின் தொடக்கம் அதுவே. வாயு நிறுவனமே சிலிண்டரையும் வைத்துக்கொண்டு வாடகைக்கு விடும் ஐரோப்பிய வழக்கம் இந்த மரபு வழியாக இந்தியாவுக்குள்ளும் பரவியது. உள்ளூர் நிரப்பு நிலையங்கள் பெருகியபோது சொந்தச் சிலிண்டரை நிரப்பித் தரும் வழக்கமும் அதனுடன் சேர்ந்து வளர்ந்தது. இன்று இரண்டும் பக்கத்துப் பக்கத்துத் தெருவிலேயே நடக்கின்றன.

முதல் நிலைப்பாடு: சிலிண்டர் நிறுவனத்துடையதாக இருக்கட்டும்

இந்த நிலைப்பாட்டின் அடிப்படை பாதுகாப்பு. 150 பார் அழுத்தத்தில் வாயு அடைக்கப்படும் சிலிண்டர் எங்கே இருந்தது, எந்த வாயுவைச் சுமந்தது, எப்போது சோதிக்கப்பட்டது என்ற விவரம் ஒரே கையில் இருந்தால் நிரப்புவோர் உறுதியோடு நிரப்பலாம். ஆயிரக்கணக்கான சிலிண்டர்களைச் சுழற்சியில் விடும் நிறுவனத்துக்கு ஒவ்வொன்றின் சோதனை, வால்வு மாற்றம், வண்ணப் பூச்சு ஆகியவற்றின் செலவும் குறைவாக இருக்கும். பட்டறைக்காரருக்கோ காலிச் சிலிண்டரைக் கொடுத்துவிட்டு நிறைந்த சிலிண்டரை வாங்கிக்கொள்வதோடு வேலை முடிகிறது.

இதன் பலவீனங்களும் பழமையானவை. முதலாவது, வாடகை நின்றபாடில்லை. வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் சிலிண்டர் பட்டறையில் நிற்கும் நாளுக்கெல்லாம் அது சேர்கிறது. இரண்டாவது, ஒரு நிறுவனத்தின் சிலிண்டரை இன்னொரு நிறுவனம் நிரப்பித் தராது. எனவே சிலிண்டர் வாங்கிய இடத்திலேயே வாயுவையும் வாங்கும் கட்டாயம் வருகிறது. ஊரில் ஒரே நிறுவனம் இருந்தால் பேரம் பேசும் வலு பட்டறையிடம் இருக்காது. பிரிட்டனில் இந்தக் கவலை அரசு அளவுக்கே சென்றது. தொழிற்சாலை, மருத்துவ வாயுக்களின் விற்பனையை அந்நாட்டின் ஏகபோக ஆணையம் 1950களின் நடுப்பகுதியில் ஆராய்ந்தது. பிரிட்டிஷ் ஆக்சிஜன் கம்பெனியின் ஏகபோக நிலையும் விலைகளும் பொதுநலனுக்கு மாறானவை என்று அது முடிவு கூறியது.

மூன்றாவது பலவீனம் எளிதில் கண்ணில் படாதது. சிலிண்டரில் மீதி வாயு இருக்கும்போதே திருப்பிக் கொடுத்தால் அந்த மீதிக்குப் பொதுவாகக் கழிவு கிடைப்பதில்லை. வேலை முடிந்துவிட்டது, வாடகை ஏறுகிறது என்பதற்காகக் கால்வாசி நிறைந்த சிலிண்டரைத் திருப்பி அனுப்பும் பட்டறை, வாடகையை மிச்சப்படுத்தி வாயுவை இழக்கிறது.

இரண்டாம் நிலைப்பாடு: முன்பணமும் மாற்றிக்கொள்ளலும்

வாடகைக்கும் உடைமைக்கும் நடுவில் நிற்பது முன்பண முறை. ஒருமுறை டெபாசிட் கட்டிவிட்டால் மாத வாடகை கிடையாது. காலியானதைக் கொடுத்து நிறைந்ததைப் பெறலாம். 1904-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் தொடங்கிய பிரெஸ்ட்-ஓ-லைட் நிறுவனம் கார் விளக்குகளுக்கான அசிட்டிலீன் சிலிண்டர்களை இப்படி மாற்றிக்கொள்ளும் வசதியை நாடெங்கும் ஏற்படுத்தியது. அந்தச் சிலிண்டர்களை மற்றவர்கள் நிரப்பி விற்கத் தொடங்கியதும் வழக்குகள் எழுந்தன. ஒரு நிறுவனத்தின் பெயர் பொறித்த சிலிண்டரை, அந்தப் பெயரை அப்படியே விட்டுவிட்டு, இன்னொருவர் நிரப்பி விற்கலாமா என்பதே 1910களில் அமெரிக்க நீதிமன்றங்கள் விசாரித்த கேள்வி. சிலிண்டரின் உடைமையும் அதில் எழுதியிருக்கும் பெயரும் ஒன்றல்ல என்ற சிக்கல் அன்றே வெளிப்பட்டது.

இந்திய வீடுகளில் இந்த முறை நன்கு பழகியது. சமையல் எரிவாயுச் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்துக்குச் சொந்தம். இணைப்புப் பெறுபவர் திருப்பித் தரத்தக்க டெபாசிட் கட்டுகிறார். வெல்டிங் வாயுவில் இதே முறை பல வடிவங்களில் நடக்கிறது. சில விற்பனையாளர்கள் டெபாசிட்டோடு வாடகையும் வாங்குகிறார்கள். சிலர் குறிப்பிட்ட நாள்கள் வரை வாடகை வாங்காமல், அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம் விதிக்கிறார்கள்.

வாடகை இல்லை என்பதால் இது இலவசம் என்று தோன்றலாம். ஆனால் முடங்கிக் கிடக்கும் டெபாசிட்டுக்கு வட்டி கிடைப்பதில்லை. கடன் வாங்கித் தொழில் நடத்தும் பட்டறைக்கு அந்த இழப்பு உண்மையான செலவு. திருப்பித் தரும்போது எவ்வளவு பிடித்தம் செய்யலாம், ரசீது தொலைந்தால் என்ன வழி, விற்பனையாளர் கடையை மூடினால் பணம் யாரிடம் கேட்பது என்பவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ளாத ஏற்பாடுகள் பின்னர் தகராறாக மாற வாய்ப்பு அதிகம். வரிச் சட்டமும் டெபாசிட்டைத் தனியாகவே பார்க்கிறது: விற்பனையாளர் அதை விலையில் கழித்துக்கொள்ளாத வரை ஜிஎஸ்டி சட்டத்தில் அது சரக்குக்கான தொகையாகக் கருதப்படுவதில்லை.

மூன்றாம் நிலைப்பாடு: சொந்தச் சிலிண்டர்

சொந்தமாக வாங்குவோரின் வாதம் எளிமையானது. ஒருமுறை செலவு செய்தால் மாதாமாதம் வாடகை இல்லை. வாயுவை எந்த நிரப்பு நிலையத்திலும் விலை விசாரித்து நிரப்பலாம். மீதி வாயு வீணாகாது. தேவை முடிந்தால் சிலிண்டரை விற்கலாம். வரிக் கணக்கும் இதற்குத் துணை நின்ற காலம் உண்டு. 5,000 ரூபாய்க்கு மேற்படாத இயந்திரப் பொருளின் முழு விலையையும் வாங்கிய ஆண்டிலேயே கழித்துக்கொள்ள வருமான வரிச் சட்டம் 1990களின் நடுப்பகுதி வரை இடம் தந்தது. ஒவ்வொரு சிலிண்டரும் அந்த வரம்புக்குள் அடங்கியதால், வரிச் சலுகைக்காகவே சிலிண்டர்களை மொத்தமாக வாங்கிக் குத்தகைக்கு விடும் வழக்கம் நிதி நிறுவனங்களிடையே வளர்ந்தது. அந்தச் சலுகை பின்னர் நீக்கப்பட்டது. வால்வு, ரெகுலேட்டர் உள்ளிட்ட வாயுச் சிலிண்டர்களுக்கான தேய்மானக் கழிவு 60 சதவீதமாக இருந்து, 2017-இல் 40 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அதுவும் சாதாரண இயந்திரங்களுக்குக் கிடைக்கும் 15 சதவீதத்தை விட அதிகம்.

இந்த நிலைப்பாட்டின் முதல் பலவீனம், சொந்தச் சிலிண்டரை நிரப்புவதும் சிலிண்டரை மாற்றிக்கொள்வதும் வேறு வேறு என்பதை மறப்பது. கொடுத்த சிலிண்டரே திரும்ப வேண்டுமென்றால் அது நிரம்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் வேலை நிற்காமல் இருக்க இன்னொரு சிலிண்டர் தேவை. காத்திருக்க முடியாது என்று கடையில் இருக்கும் வேறொரு நிறைந்த சிலிண்டரைப் பெற்றுக்கொண்டால், புதுச் சிலிண்டருக்குப் பதிலாகச் சோதனைக் கெடு நெருங்கிய பழைய சிலிண்டர் கைக்கு வரலாம். பெயரளவில் சொந்தம் தொடர்ந்தாலும் பொருள் மாறிவிடுகிறது.

இரண்டாவது, சிலிண்டரை நிலையத்துக்குக் கொண்டுபோய் வரும் பொறுப்பு. 7 கனமீட்டர் ஆக்சிஜன் கொள்ளும் சிலிண்டர் காலியாக இருக்கும்போதே 50 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. வாயுச் சிலிண்டரை மிதிவண்டியிலோ இருசக்கர வாகனத்திலோ எடுத்துச் செல்ல விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே ஒவ்வொரு நிரப்புதலுக்கும் வண்டிக் கூலி கூட வரும். மூன்றாவது, பழைய சிலிண்டர் வாங்குவதிலுள்ள ஆபத்து. சிலிண்டரின் தோளில் பொறித்த சோதனைத் தேதி, தொடர் எண், உற்பத்தியாளர் சான்றிதழ் ஆகியவை பொருந்தாவிட்டால் பொறுப்பான நிலையம் அதை நிரப்ப மறுக்கும். அப்போது வாங்கியவர் கையில் மிஞ்சுவது இரும்பின் எடை மட்டுமே.

நான்காம் நிலைப்பாடு: சிலிண்டரின் தேவையையே குறைத்தல்

வாடகையா சொந்தமா என்று கேட்பதற்கு முன், இத்தனை சிலிண்டர் வேண்டுமா என்று கேட்க வேண்டும் என்பது இந்த நிலைப்பாடு. கார்பைடும் நீரும் கொண்டு பட்டறையிலேயே அசிட்டிலீன் தயாரிக்கும் ஜெனரேட்டர் இதன் மிகப் பழைய வடிவம். சிலிண்டர் செலவு குறைந்தாலும், அது கக்கும் சுண்ணாம்புக் கழிவும், அழுத்தம் தவறினால் வரும் வெடிப்பு ஆபத்தும் அதன் பயன்பாட்டைச் சுருக்கிவிட்டன. தகடு வெட்டும் வேலையில் அசிட்டிலீனுக்குப் பதில் எல்பிஜி பயன்படுத்துவது பரவலான மாற்று. மெல்லிய தகடுகளில் பிளாஸ்மா கட்டிங்கும் கையடக்கக் கிரைண்டரும் காஸ் கட்டிங்கின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டன. கிரில், கேட் செய்யும் பட்டறைகள் பலவற்றில் எலெக்ட்ரோட் வெல்டிங் மட்டுமே நடப்பதால் வாயுவே தேவைப்படுவதில்லை.

மறு முனையில், அதிகம் செலவழிக்கும் தொழிற்சாலைகள் தனிச் சிலிண்டர்களை விட்டுத் திரவ ஆர்கான், திரவ ஆக்சிஜன் கலன்களுக்கு மாறுகின்றன. வெப்பம் கசிந்து திரவம் ஓயாமல் ஆவியாவதால், தொடர்ந்து பயன்படுத்தாதவர்களுக்கு இது பொருந்தாது. ஆக, இந்த நிலைப்பாடு கேள்வியின் இரு முனைகளில் வலுவானது. நடுவில் இருக்கும் பட்டறைகளுக்குப் பழைய கேள்வி அப்படியே நிற்கிறது.

சட்டம் உடைமையாளரிடம் கேட்பது

இந்தியாவில் வாயுச் சிலிண்டர்கள் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. 1940, 1981, 2004, 2016 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட விதித் தொகுப்புகள் அவற்றைக் கட்டுப்படுத்தி வந்துள்ளன. இப்போது 2016-ஆம் ஆண்டின் விதிகளை நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெசோ, அதாவது பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனம், நிர்வகிக்கிறது.

குறிப்பிட்ட எண்ணிக்கை வரை சிலிண்டர் வைத்திருக்கத் தனி உரிமம் வேண்டியதில்லை. கரைத்த அசிட்டிலீனுக்கு அந்த வரம்பு 50 சிலிண்டர். ஆக்சிஜன், ஆர்கான் போன்ற எரியாத, நச்சற்ற வாயுக்களுக்கு 200. சிறு பட்டறைகள் பெரும்பாலும் இந்த வரம்புகளுக்குள் அடங்கும். எனவே உரிமம் சார்ந்த சிக்கல் அவற்றின் முடிவை அரிதாகவே பாதிக்கும். சிலிண்டரின் உடைமையாளர் என்ற நிலை வேறு கடமைகளைக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு சிலிண்டரின் தயாரிப்பாளர், தொடர் எண், முதல் சோதனைத் தேதி, சான்றிதழ்கள் ஆகியவற்றை அந்தச் சிலிண்டரின் ஆயுள் முழுவதும் உடைமையாளர் பதிவில் வைத்திருக்க வேண்டும். ஆக்சிஜன், ஆர்கான் சிலிண்டர்களைப் பொதுவாக 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். சோதனையில் தோற்ற சிலிண்டரைத் தட்டையாக்கியோ துண்டுகளாக வெட்டியோ அழித்துவிட வேண்டும்; அதை வேறு வேலைக்கு விற்க முடியாது. ஒரு வாயுவுக்கான சிலிண்டரை வேறு வாயுவுக்கு அனுமதியின்றி மாற்றவும் கூடாது.

வாடகைக்கு எடுத்தவருக்கும் பொறுப்பு இல்லாமல் போவதில்லை. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் பொருளைத் தன் வசம் வைத்திருப்பவர் தன் சொந்தப் பொருளைப் பேணும் விவேகமுள்ள மனிதரின் அளவுக்கு அதைப் பேண வேண்டும். சிலிண்டர் தொலைந்தால் அதன் முழு விலையையும் வசூலிக்கும் நிபந்தனை வாடகை ரசீதுகளின் பின்பக்கத்தில் வழக்கமாகக் காணப்படுவது. திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றின் சுமை யார் மேல் விழும் என்பது அந்தச் சிறு எழுத்துகளில் இருக்கிறது.

கணக்கு சொல்வது

செலவுகளை ஒப்பிட ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு உதவும். இதிலுள்ள தொகைகள் கணக்கு முறையைக் காட்டுவதற்காக மட்டும் எடுத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை அவை மாறும். ஒரு சிலிண்டரின் விலை 12,000 ரூபாய் என்றும், கடன் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றும் கொள்ளலாம். வட்டி மட்டும் 1,440 ரூபாய். சோதனை, வால்வு, பெயின்ட் ஆகியவற்றுக்கு ஆண்டுச் சராசரி 300 ரூபாயும், விற்பனை மதிப்புக் குறைவுக்கு 600 ரூபாயும் சேர்த்தால் சொந்தச் சிலிண்டரின் ஆண்டுச் செலவு 2,340 ரூபாய். வாடகை நாளுக்கு 10 ரூபாய் என்றால் 234 நாள்களில் இரண்டும் சமமாகின்றன. ஆண்டில் அதற்கு மேல் சிலிண்டர் தேவைப்பட்டால் வாங்குவது லாபம். அதற்குக் குறைந்தால் வாடகை லாபம்.

வாடகைக்காரர் 5,000 ரூபாய் டெபாசிட்டும் ஆண்டு முழுவதும் விட்டுவைக்க வேண்டுமென்றால் அதன் வட்டி 600 ரூபாய். சமநிலை நாள் 174 ஆக இறங்குகிறது. வாங்குவதன் பக்கம் தராசு சாய்கிறது. ஆனால் நிரப்பி வரும் காத்திருப்புக்காக, வாடகையில் 2 சிலிண்டர் போதுமான இடத்தில் சொந்தத்தில் 3 தேவைப்படலாம். அப்போது சொந்தச் செலவு 7,020 ரூபாய். இரண்டு சிலிண்டருக்கான டெபாசிட் வட்டி 1,200 ரூபாயைக் கழித்து, நாளுக்கு 20 ரூபாய் வாடகையால் வகுத்தால் சமநிலை 291 நாளுக்கு ஏறிவிடுகிறது. சிலிண்டரின் விலையும் வாடகையும் துளியும் மாறாமலே, ஒரே ஒரு உபரிச் சிலிண்டர் முடிவைத் தலைகீழாக்கிவிடுகிறது. ஒற்றைச் சிலிண்டரை வைத்துச் செய்யும் ஒப்பீடுகள் தடுமாறுவது இங்கேதான். ஒப்பிட வேண்டிய அலகு பட்டறையின் முழுச் சுழற்சி: வேலையில் ஒன்று, இருப்பில் ஒன்று, வழியில் ஒன்று.

வாடகையை வாயுவின் விலையோடு சேர்த்துப் பார்த்தால் இன்னொரு உண்மை தெரியும். 7 கனமீட்டர் ஆர்கான் என்பது 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் டிக் வெல்டிங் செய்தால் ஆர்க் எரியும் நேரம் ஏறத்தாழ பதினான்கரை மணி. நாளுக்கு 2 மணி நேரம் ஆர்க் எரியும் எவர்சில்வர் கைப்பிடிப் பட்டறையில் இது ஒரு வாரம் வரும். ஒரு நிரப்புதலுக்குச் சேரும் வாடகை 70 ரூபாய் அளவில் நிற்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரமே வேலை உள்ள பழுதுபார்க்கும் கடையில் அதே சிலிண்டர் 100 நாளுக்கு மேல் நிற்கும். வாடகை 1,000 ரூபாயைத் தாண்டும். ஆக, மெதுவாக, ஆனால் ஆண்டு முழுவதும் பயன்படுத்துபவருக்கே வாடகை மிகக் கனமாக விழுகிறது. வேகமாகச் செலவழிப்பவருக்கு வாடகை சிறு தொகை. அவருடைய கவலை தடையில்லாத சப்ளை. ஆர்டர் வந்தபோது சில வாரங்கள் மட்டும் தீவிரமாக வேலை செய்பவருக்கு வாடகையே இயல்பாகப் பொருந்துகிறது. திருச்சி பெல் தொழிற்சாலையை நம்பித் துவாக்குடி வட்டாரத்தில் இயங்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளைப் போல, பெரிய நிறுவனத்தின் ஆர்டர் ஏற்ற இறக்கத்தோடு கூடவே ஏறி இறங்கும் தொழில்களில், சில வாரங்கள் மட்டும் வேலை குவியும் இந்த நிலை அடிக்கடி எழக்கூடியது.

வாயுவுக்கு வாயு விடை மாறும்

பொதுவான விடைகள் பிழைபடுவதற்கு இன்னொரு காரணம், எல்லா வாயுக்களையும் ஒன்றாக எண்ணுவது. ஆர்கான் வேதிவினை புரியாதது. கசிவில்லாத சிலிண்டரில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். மெதுவாகப் பயன்படுத்துபவர் சொந்தமாக வாங்குவதற்கு இது மிகவும் ஏற்றது. ஆக்சிஜனும் ஏறத்தாழ அதே நிலைதான். எண்ணெய், கிரீஸ் வால்வில் படாமல் காப்பது மட்டும் கூடுதல் பொறுப்பு. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. கடைசித் துளி திரவம் ஆவியாகும் வரை அழுத்தமானி ஏறத்தாழ ஒரே அளவையே காட்டும். எவ்வளவு மீதி உள்ளது என்பதை எடை போட்டே அறிய முடியும். ஆகவே பாதி நிறைந்த சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கும் இழப்பு இதில் கவனிக்கப்படாமலே நேரலாம்.

அசிட்டிலீன் முற்றிலும் வேறு வகை. அந்தச் சிலிண்டரின் உள்ளிருக்கும் நுண்துளைப் பொருள் சேதமடையாமல் இருக்க வேண்டும்; அசிட்டோன் அளவு சரியாக இருக்க வேண்டும். சிலிண்டரைப் படுக்க வைத்துப் பயன்படுத்தினாலோ, ஒரு மணி நேரத்தில் கொள்ளளவின் ஏழில் ஒரு பங்குக்கு மேல் வேகமாக இழுத்தாலோ அசிட்டோனும் வாயுவோடு வெளியேறும். அந்தக் குறையை நிரப்புவது நிலையத்தின் வேலை. அதன் செலவு உடைமையாளரின் தலையில் விழும். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாத இந்த உட்பகுதியே, அசிட்டிலீன் சிலிண்டரை நிறுவனமே வைத்திருக்க வேண்டும் என்ற வாதத்துக்கு வலுவான அடித்தளம். வாடகை முறையைக் கடுமையாக எதிர்ப்பவர்களும் இந்த ஒரு வாயுவில் அதை ஏற்பதற்கு நியாயம் உண்டு.

2021 காட்டிய பாடம்

சிலிண்டரின் உடைமை வெறும் செலவுக் கணக்கு அல்ல என்பதை 2021-இன் கொரோனா இரண்டாம் அலை காட்டியது. அந்த ஏப்ரல் 22 முதல், ஒன்பது வகைத் தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு ஆக்சிஜன் வழங்குவதை மத்திய அரசு நிறுத்தியது. நைட்ரஜன், ஆர்கான் சிலிண்டர்களை மருத்துவ ஆக்சிஜனுக்கு மாற்றிக்கொள்ள அனுமதியும் வழங்கப்பட்டது. வாயு மட்டுமின்றி, அதை அடைக்கும் சிலிண்டரும் தட்டுப்பாடான பொருளாயிற்று. உயிர் காக்கும் தேவை முன்னால் நின்றபோது அந்த முடிவு சரியானதே. பட்டறைகளின் பார்வையில் அது இன்னொன்றையும் தெளிவாக்கியது: சொந்தச் சிலிண்டர் வைத்திருப்பது சிலிண்டரை உறுதி செய்கிறது, அதை நிரப்ப வாயு கிடைக்கும் என்பதை உறுதி செய்வதில்லை. இருப்பில் சிலிண்டர் இருந்தால் எந்த நெருக்கடியிலும் வேலை ஓடும் என்ற நம்பிக்கைக்கு இது ஒரு வரம்பு.

இன்னும் திறந்திருப்பவை

மூன்று கேள்விகளுக்கு முடிவான விடை இன்னும் இல்லை. முதலாவது, மாற்றிக்கொள்ளும் முறையில் சொந்தம் என்பதன் பொருள். கொடுத்த சிலிண்டரே திரும்பாத ஏற்பாட்டில் உடைமையாளர் வைத்திருப்பது ஒரு குறிப்பிட்ட பொருளா, அல்லது அதற்கு நிகரான ஒன்றைப் பெறும் உரிமையா என்பது ஒவ்வொரு ரசீதின் வாசகத்தைப் பொறுத்தே தீர்மானமாகிறது. சிலிண்டரின் ஆயுள் முழுவதும் பதிவு வைக்கச் சொல்லும் விதிக்கும், நாள்தோறும் சிலிண்டர் கை மாறும் வழக்கத்துக்கும் இடையிலான இழுபறி இதனால் நீடிக்கிறது.

இரண்டாவது, சிலிண்டர்களைப் பின்தொடரும் தொழில்நுட்பம். பார்கோடும் மின்னணுக் குறிகளும் பரவினால் யாருடைய சிலிண்டராக இருந்தாலும் அதன் சோதனை வரலாற்றை எந்த நிலையமும் பார்க்க முடியும். பாதுகாப்பின் பெயரால் நிறுவன உடைமையை ஆதரிக்கும் வாதம் அப்போது எவ்வளவு வலுவிழக்கும் என்பது, அந்தப் பதிவுகள் பொதுவாக இருக்குமா அல்லது ஒவ்வொரு நிறுவனத்தின் கையிலும் தனித்தனியாகப் பூட்டிக் கிடக்குமா என்பதைப் பொறுத்தது. மூன்றாவது, வாயுத் தேவையே எந்தத் திசையில் போகும் என்பது. வெட்டும் வேலையில் வாயுவின் இடம் சுருங்கி, எவர்சில்வர் வேலையால் ஆர்கானின் இடம் வளர்ந்து வரும் நிலையில், இன்று வாங்கும் ஆக்சிஜன் சிலிண்டருக்குப் பத்து ஆண்டுகளுக்குப் பின் என்ன மறுவிற்பனை மதிப்பு இருக்கும் என்று சொல்வது கடினம்.

மதிப்பீடு

நான்கு நிலைப்பாடுகளையும் ஒருசேர எடைபோட்டால், எந்த ஒன்றும் எல்லாப் பட்டறைக்கும் பொதுவிதியாக நிற்கவில்லை. ஆயினும் சில முடிவுகளை ஓரளவு உறுதியோடு கூறலாம். ஆண்டு முழுவதும் ஆர்கானோ ஆக்சிஜனோ மெதுவாகச் செலவாகும் இடத்தில், ஊரில் தனியார் சிலிண்டரை நிரப்பித் தரும் நம்பகமான நிலையம் இருந்தால், புதிய அல்லது சான்றிதழ் சரியாக உள்ள சிலிண்டரைச் சொந்தமாக வாங்குவது பெரும்பாலும் நியாயமானது. அத்தகைய நிலையம் இல்லாத ஊரில் சொந்தச் சிலிண்டரின் நன்மைகளில் பெரும்பகுதி காணாமல் போகிறது. வேலை அலையலையாக வரும் இடத்தில் வாடகையே ஏற்றது. அசிட்டிலீனைப் பொறுத்தவரை நிறுவனச் சிலிண்டரை மாற்றிக்கொள்வதே பாதுகாப்பின் பக்கம் நிற்கிறது. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய அடிப்படை எண்ணிக்கையைச் சொந்தமாக வைத்துக்கொண்டு, ஆர்டர் மிகும் மாதங்களுக்கு மட்டும் வாடகைச் சிலிண்டரைச் சேர்த்துக்கொள்ளும் கலப்பு வழியும் கவனத்துக்குரியது. இரண்டு முறைகளின் பலவீனங்களையும் அது ஓரளவு ஈடுசெய்கிறது.

முடிவெடுக்கும் முன் ஒரு பட்டறை அறிந்திருக்க வேண்டியவை நான்கு: ஆண்டில் எத்தனை நாள் சிலிண்டர் தேவை, சுழற்சிக்கு மொத்தம் எத்தனை சிலிண்டர் வேண்டும், அருகில் யார் நிரப்பித் தருவார்கள், இழப்பும் டெபாசிட்டும் குறித்து ரசீது என்ன சொல்கிறது. இவற்றில் முதல் இரண்டும் கணக்கு, பின்னிரண்டும் விசாரணை. கணக்கை மட்டும் பார்த்து விசாரணையை விடுவதும், ஊர் வழக்கத்தைக் கேட்டுவிட்டுக் கணக்கை விடுவதும் ஒரே அளவு தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லக்கூடும்.